நடிப்பா, நாடகம் கற்பிப்பதா: மகள் சிங்கப்பூரில் எங்கே படிக்கலாம்?

தொடக்கக் கல்லூரி முடித்த மகள் இரண்டுக்கும் ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். மேடைதான் வேண்டுமென்றால் லாசால் கலைக் கல்லூரி. அது இப்போது 2024இல் திறந்த சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கம். தேசியப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தை ஆராயவும் வேண்டும், கட்டுரைகளுக்குச் சலிக்கக்கூடாது.

கற்பிப்பது வேறு கலை. வகுப்பறை நாடகத்தில் பார்வையாளர்களே கிடையாது; ஆசிரியரும் பிள்ளைகளும் எல்லாருமே பாத்திரங்கள். உதாரணமாக, ஆசிரியர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கூலிகளை மேய்க்கும் கங்காணியாக நிற்பார். துறைமுகக் கூலிகளாகிவிட்ட பிள்ளைகள் சம்பளப் பாக்கி கேட்டு அவரிடம் வாதாடுவார்கள். வாய் திறக்காத பிள்ளைகூட அப்போது தமிழில் சண்டை போடும்! இதை எந்தப் பயிற்சித்தாளும் சாதிக்காது என்பது என் கட்சி. அரசுப் பள்ளி வேலைக்குப் பட்டத்தோடு தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர் பயிற்சியும் தேவை.

நடிப்புத் தேர்வுக்கு அவள் தமிழ் வசனம் ஒன்றையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கட்டும்.