கணினிக் கேள்வி பதில்: கடையில் தந்த பட்டியலில் ஒரு எழுத்துக் குறைகிறது

அண்ணா, மகன் உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுத்திருக்கிறான். வீட்டில் ஒரு கம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கப் பார்க்கிறோம், சீட்டுக் காசு வந்திருக்கிறது. கடையில் எழுதித் தந்தது இது: ரைசன் 5 5600 புரொசெசர், பி450 மதர்போட், 8 ஜிபி றாம் ஒன்று, 500 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிப்பது), பவர் சப்ளையோடு சேர்ந்து வரும் கேசிங். கிராபிக்ஸ் காட் பிறகு வசதி வரும்போது போடலாம் என்றார்கள். மொனிட்டர் பழையது ஒன்று கைவசம் இருக்கிறது. இது சரிவருமா?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அக்கா, காசு கொடுக்குமுன் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. இந்தப் பட்டியலை அப்படியே வாங்கிப் பூட்டினால் மெசின் ஓடும், மின்விசிறி சுற்றும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. ஏனென்றால் ரைசன் 5 5600 என்ற புரொசெசருக்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது, அதற்குத் தனியாக கிராபிக்ஸ் காட் போட்டே ஆகவேண்டும், "பிறகு போடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு வேண்டியது 5600ஜி. அந்தக் கடைசி 'ஜி' எழுத்துத்தான் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது என்பதற்கு அடையாளம். இன்டெலில் இது தலைகீழ்: ஐ3-12100 என்றால் உள்ளே கிராபிக்ஸ் உண்டு, அதே பெயருக்குப் பின்னால் 'எஃப்' வந்து 12100எஃப் என்றிருந்தால் இல்லை. எஃப் போட்டது விலை குறைவாக இருக்கும், அதனால்தான் பலர் அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். என் தங்கச்சி மகளுக்கு வாங்கியதில் இதே பிழை நடந்தது, மாற்றி எடுக்க மூன்று கிழமை ஆனது, சோதனை நேரத்தில் அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, மதர்போட். பி450 என்பது 2018இல் வந்த வகை, 5600 வரிசை அதற்குப் பிறகு வந்தது. இரண்டுக்கும் சொக்கெட் ஒன்றுதான், ஏஎம்4, புரொசெசர் கச்சிதமாக உட்காரும். ஆனால் மதர்போட்டுக்குள் இருக்கும் பயோஸ், அதாவது கம்பியூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள், பழையதாக இருந்தால் புதுப் புரொசெசரை அதற்கு அடையாளம் தெரியாது. அதனால் பயோஸ் புதுப்பித்துத்தான் தருகிறீர்களா என்று கேளுங்கள், கடையிலேயே பூட்டி, திரையில் படம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். வீட்டில் மகன் பூட்டுவதாக இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள்: ஏஎம்4 புரொசெசரில் ஊசிகள் புரொசெசரின் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும், அமத்தி இறக்கக்கூடாது, நேராக வைத்தால் தானாக விழுந்து உட்காரும்.

றாம் 8 ஜிபி ஒன்று என்பதையும் மாற்றச் சொல்லுங்கள். உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் புரொசெசர் தனக்கு வேண்டிய நினைவகத்தை றாமில் இருந்துதான் எடுக்கும், அதனால் ஒரே துண்டு போட்டால் வேகம் நன்றாகவே இறங்கிவிடும். 8 ஜிபி இரண்டு துண்டாகப் போட்டால் 16, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். இப்போதைக்குக் காசு போதாது என்றால் ஒன்றைப் போட்டு ஓடவிட்டு, அடுத்த மாதங்களில் அதே வகையில் இன்னொன்றைச் சேர்க்கலாம், இது உண்மையிலேயே பிறகு போடக்கூடிய பொருள். மகனுக்கு வேண்டியது பைதன், எச்டிஎம்எல், தரவுத்தளம், இவற்றுக்கு கிராபிக்ஸ் காட் தேவையே இல்லை. அதற்கு வைத்த காசை நான் சொல்லப்போகும் இடத்தில் போடுங்கள்.

அதுதான் பவர் சப்ளை. கேசிங்கோடு சும்மா வருவது என்று தருவார்களே, அதில் 500 வாட் என்று பெரிதாக ஒட்டியிருக்கும். அந்த எண்ணை நம்பவேண்டாம். பக்கத்தில் உள்ள லேபலில் 12 வோல்ட் என்ற வரியைத் தேடுங்கள், அதற்குக் கீழே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் கம்பியூட்டருக்கு உண்மையில் பயன்படும் வலு. 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட், அவ்வளவுதான். உங்கள் மெசினுக்கு வாட் கணக்கில் அதுவே போதும் என்று யாராவது சொல்லலாம், 5600ஜி 65 வாட் வகை என்பதும் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் கறண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தரம் போய் வருகிறது, வரும்போது எப்படி அடித்துக்கொண்டு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். மலிவான சப்ளை அந்த அடியில் சாகும்போது மதர்போட்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோகும். நல்ல கம்பனியின் 450 வாட் ஒன்று, 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளது, தனியாக எடுங்கள். கேசிங் எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை, காற்றுப் போக வழியும் மதர்போட்டின் அளவுக்கு இடமும் இருந்தால் சரி.

அப்புறம் அந்தப் பழைய மொனிட்டர். பின்னால் நீல நிற விஜிஏ வாய் மட்டும் இருக்கிறதா, எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பார்த்து, மதர்போட்டில் அதே வாய் உள்ளதாக எடுங்கள்.

அலுவலகத்தில் பாவித்துக் கழித்த மெல்லிய கம்பியூட்டர் ஒன்று மலிவாக வாங்கினேன், ஐ5 நான்காம் தலைமுறை. கேம் விளையாட கிராபிக்ஸ் காட் போடலாமா?
அக்கரைப்பற்று வாசகர்

தம்பி, முதலில் மூடியைத் திறந்து அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். அந்த மெல்லிய பெட்டிக்குள் சாதாரண உயரமான காட் போகாது, லோ புரொபைல் என்ற குட்டை வகைதான் போகும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையும் கம்பனியின் சொந்த அளவு, பல மொடல்களில் வயர் முனையும் வேறு, கடையில் வாங்கும் சாதாரண சப்ளையை மாற்றிப் போட முடியாது. அதனால் தனி வயர் கேட்காத, காட் செருகும் ஸ்லொட்டில் வரும் 75 வாட்டுக்குள் ஓடும் காட் மட்டும்தான் உங்களுக்குச் சரி. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தக் காசுக்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் (சாட்டா வயரில் பூட்டும் வகை), டிடிஆர்3 றாம் (டிடிஆர் எண் றாமின் தலைமுறையைக் குறிக்கும்) இன்னொரு துண்டும் போடுவேன், வித்தியாசம் முதல் நாளே தெரியும். இன்னொன்று, விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை ஏற்காது, எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. படிப்புக்கும் இணையத்துக்கும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுப் பாருங்கள், இந்த மெசினுக்கு அது பொருந்தும்.

டிடிஆர்4 மதர்போட்டில் டிடிஆர்5 றாம் போடலாமா? வேகம் வேறான இரண்டு துண்டு சேருமா?
கல்முனை வாசகி

முதலாவதற்கு, முடியாது. இரண்டுக்கும் 288 தொடுமுனைதான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், பலவந்தமாக அமத்தினால் ஸ்லொட் உடையும். இரண்டாவதற்கு, ஒரே வகையாக இருந்தால் பெரும்பாலும் சேரும், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும்.

எங்கள் வீடு கடற்கரையோரம். கேசிங்கைத் தொட்டால் கை சுணைக்கிறது. மழை காலத்தில் சில நாள் ஓனே ஆகாது, பீப் பீப் என்று சத்தம் மட்டும்.
திருக்கோவில் வாசகர்

இது இரண்டு தனித்தனிக் கதை. கை சுணைப்பது எர்த் இல்லாததால். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி கேசிங்கோடு தொடுத்திருக்கும், எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் உங்கள் கையைத் தேடும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் செருகியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். அதன் பிறகும் சுணைத்தால் வீட்டு எர்த் கம்பியை வயரிங் செய்பவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கடற்கரையில் அது மண்ணுக்குள்ளேயே துருப்பிடித்து அறுந்துபோவது உண்டு.

பீப் சத்தம் பெரும்பாலும் றாம். ஈரமும் உப்புக்காற்றும் தொடுமுனையில் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றி, றாமை எடுத்து, அதன் தங்க நிற விளிம்பை வெள்ளை அழிறப்பரால் மெதுவாக உரசி, தூளை ஊதாமல் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை மீண்டும் செருகுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். கார்த்திகை, மார்கழியில் வேலை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், உள்ளே வரும் சூட்டில் ஈரம் தங்காது. மேசையையும் கடல் பக்க யன்னலுக்குக் கீழிருந்து உள் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.