தொண்டை ஸ்வரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பனின் கல்லூரி ரிசைட்டலுக்காக பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் நான்கு நிமிடத்தில் ஓர் உருப்படி எழுதியிருக்கிறேன். எஃப் மேஜர். கம்ப்யூட்டரில் கேட்டால் உருக்கமாக இருக்கிறது. ஒத்திகையில் கிளாரினெட் பியானோவுக்குள் அமுங்கிப்போகிறது. அவன் இன்னும் சாதகம் செய்ய வேண்டும் போல. என் கேள்வி முடிவைப் பற்றியது. தேய்ந்து முடிவதா, ஓங்கி முடிவதா? நடுவில் 7/8 தாளம் வருவது சரியா? ஸ்கோரை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

7/8 இருந்துவிட்டுப் போகட்டும், அதில் ஒரு பாதகமும் இல்லை. கம்ப்யூட்டரில் கேட்டுக் கேட்டே எழுதுகிறவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் மெட்டு அழகானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி திட்டப்போகிறேன். நண்பனுக்குச் சாதகம் போதவில்லை என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? நடு சி-க்கு மேலே உள்ள எஃப், ஜி, ஏ என்ற மூன்று ஸ்வரங்களையே உங்கள் மெட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும், ஆகவே அவன் தாளில் அவை ஒரு முழு ஸ்வரம் ஏறி ஜி, ஏ, பி ஆகின்றன. அந்த ஜி-க்கு எந்த விரலும் எதையும் மூடுவதில்லை, வெறும் குழல். ஏ-க்கு ஒரே ஒரு சாவி. அடுத்து பி என்றதும் ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே கணத்தில் இறங்கி மூட வேண்டும், ஒலியை மேலே தாவவைக்கும் ரெஜிஸ்டர் சாவியையும் கட்டைவிரல் அழுத்த வேண்டும். இந்த எல்லையைத்தான் பிரேக் என்பார்கள். ஒரு விரல் இம்மி பிந்தினாலும் நடுவே ஒரு விக்கல் கேட்கும். வலக்கை விரல்களை முன்கூட்டியே மூடிவைத்துச் சமாளிப்பார்கள். நீங்களோ அந்த இடத்தை முப்பது முறை கடக்கவைத்திருக்கிறீர்கள், அதுவும் எல்லாம் ஸ்லர், அதாவது ஸ்வரங்களை இடைவெளியே இல்லாமல் இழைத்து வாசிப்பது.

புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் அதே விரலமைப்பில் ஒரு ஸ்தாயி மேலே போகும். கிளாரினெட் ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தாவும். இடையில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான், வாசிப்பவர்கள் த்ரோட் நோட்ஸ் என்று சொல்லும் இந்தத் தொண்டை ஸ்வரங்கள்; அவன் தாளின் ஜி-யும் ஏ-யும் இவற்றில் சேர்ந்தவை. ஒலி மெலிந்து, மங்கலாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு எல்லா ஸ்வரமும் ஒரே கனம்தான், தொண்டை கட்டாது. நான்கு அடி கொண்ட பார் ஏழின் நீளத்துக்கு ஒரே ஸ்லர் போட்டிருக்கிறீர்களே, நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில் அது 28 விநாடி. எங்கே மூச்சு விடுவான்? மூச்சுக்கு ஒரு கமா போட்டால் என்ன குறைந்துவிடும்?

இதற்கு மேல் பியானோ. அதே எஃப், ஜி, ஏ மீதே வலக்கையில் நான்கு ஸ்வரங்களை ஒன்றாகத் தட்டும் கார்டுகள், ஒலியை நீட்டும் பெடல் வேறு. கிளாரினெட் எங்கே கேட்கும்? அது பாடும் ஸ்தாயியைக் காலியாக விடுங்கள். இடக்கை கீழே போகட்டும், வலக்கை ஒரு ஸ்தாயி மேலே இரண்டே ஸ்வரம் தொடட்டும். பியானோவில் தட்டிய ஸ்வரம் அந்தக் கணமே தேயத் தொடங்கும். கிளாரினெட்டோ நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து வளர்க்கும். கார்டை முதலில் தட்டிவிட்டு, அது அடங்க அடங்க மெட்டு மேலெழட்டும்.

மெட்டை மாற்ற வேண்டாம், மேளத்தை மாற்றுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நிஜத்தில் சுருதியை மாற்றினால் போதும். பி ஃபிளாட் மேஜருக்குக் கொண்டுபோங்கள். ஒரு பஞ்சமம் கீழே வைத்தால் அவன் தாளில் அது சி, டி, ஈ. கிளாரினெட்டின் வெதுவெதுப்பான கீழ்ப்பகுதி, விரல்கள் ஒழுங்காக ஒவ்வொன்றாகத் திறக்கும். மெட்டு திரும்ப வரும்போது அதையே ஒரு ஸ்தாயி மேலே வையுங்கள், பிரேக்கைத் தாண்டியாகிவிட்டது, ஒலி பளிச்சென்று இருக்கும். அமைப்பும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

நான்கு நிமிடம் குறைவோ என்று கவலைப்படவும் வேண்டாம். 1910-இல் பாரிஸ் கன்சர்வத்வாரின் கிளாரினெட் தேர்வுக்காக, பார்த்தவுடன் வாசிப்பதற்கென்று தெபுஸ்ஸி எழுதிக் கொடுத்தது இரண்டு நிமிடம்கூட வராது.

முடிவைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள் அல்லவா? தேய்ந்தே முடியட்டும். பி ஃபிளாட் கார்டின் மூன்றாவது ஸ்வரம் டி. அந்தக் கீழ் டி-தான் அவன் வாத்தியத்தின் ஆகக் கீழான ஸ்வரம், தாளில் ஈ. பியானோ அடியில் பி ஃபிளாட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் அந்த டி-யை ஒலியே இல்லாத இடம் வரை கொண்டுபோய் விடுவான். அது அவனால் முடியும். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.