சீகையை வெட்டினால் ஊற்று திரும்புமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கீழ்ப்பாதியில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். மேல்பாதி முழுக்கச் சீகை (வாட்டில் என்ற அயல்மரம்). நடுவில் உள்ள ஊற்று முன்பெல்லாம் கோடையிலும் ஓடும். இப்போது மார்ச்சிலேயே நின்றுவிடுகிறது. சீகையை மொத்தமாக வெட்டிவிட்டுச் சோலை மரம் நடலாமா? ஏக்கருக்கு எத்தனை நாற்று வேண்டும்? காட்டுமாடும் வருகிறது, என்ன செய்வது?

பதில்: மொத்தமாக வெட்ட வேண்டாம். நாற்று எத்தனை என்பதும் பிறகுதான். உங்கள் மேல்பாதி அந்தக் காலத்தில் சோலையாக (பசுமை மாறாத மலைக்காடாக) இருந்ததா, புல்வெளியாக இருந்ததா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பழனி மலையின் உச்சிப் பகுதியில் சோலை, மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும்தான் இருந்தது. முகடும் திறந்த சரிவும் புல்வெளி. 1973-க்கும் 2014-க்கும் இடையில் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டால், இந்த மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களாகவும் விவசாய நிலமாகவும் மாறியிருப்பது தெரிகிறது. அதனால் உங்கள் சரிவும் புல்லாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்: அங்கே மாடு மேய்ந்ததா, குறிஞ்சி பூத்ததா? பிறகு சீகைக்கு அடியில் நடந்து பாருங்கள். கெட்டியான இலையுள்ள சோலை நாற்றுகள் தாமாக முளைத்திருந்தால் அந்த இடம் சோலைக்கு ஏற்றது. வெளிச்சம் விழும் ஓரங்களில் பழைய புல் தூர்கள் தெரிந்தால் அது புல்லின் இடம்.

புல்வெளியில் சோலை மரம் நட்டால் பெரும்பாலும் தோற்றுப்போகும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் இறங்கும் உறைபனி குருத்தைக் கருக்கிவிடுகிறது. மர நிழலுக்குள் அந்த அளவு பனி இறங்காது. நூற்றுக்கணக்கில் நட்டு, பிப்ரவரியில் காய்ந்த குச்சிகளை எண்ணும் நிலை இதனால்தான் வருகிறது.

ஊற்றுக்கு வருவோம். சீகை ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் மரம். மழையில்லாத மாதங்களிலும் ஆழத்திலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். புல் கோடையில் காய்ந்து அடங்கிவிடும். நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில், அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் யூக்கலிப்டஸ் நட்டுப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டியபின் அடிக்கட்டை தழைத்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. அது யூக்கலிப்டஸ், உங்களிடம் இருப்பது சீகை. அதே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்ற நம்பிக்கை இந்த மலைப் புல்வெளிக்குப் பொருந்தாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியானால் ஒரேயடியாக வெட்டினால் என்ன? சீகை விதையின் தோல் மிகக் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் தரையில் விழுந்தாலோ, கிளைகளைக் குவித்து எரித்தாலோ விரித்த பாய்போல முளைத்துவிடும். ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு கன்று நிற்கும். சரிவு செங்குத்தானால், வேர் பிடிப்பு இல்லாமல் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் மண் சரியவும் கூடும். பழனி மலையில் முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக வளர்ந்துவருவதும் தெரிந்த விஷயம். மொத்தமாக வெட்டினால் அவையும் வெயிலிலும் பனியிலும் போய்விடும்.

கத்தி எடுப்பதற்கு முன் அனுமதி வேண்டும். பட்டா நிலமானாலும், தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது. வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து மனு கொடுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல் ஆகியவற்றோடு மரங்களின் இனம், எண்ணிக்கை, மார்பளவு உயரத்தில் சுற்றளவு ஆகியவை கொண்ட பட்டியலையும் சேருங்கள். ‘அயல்மரம் அகற்றி இயற்கைப் புல்வெளி மீட்பு, நான்கு ஆண்டில் கட்டம் கட்டமாக’ என்று நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே 2022-இல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதை மனுவில் குறிப்பிடலாம். தடியை வெளியே விற்பதானால் அதை எடுத்துச் செல்லத் தனி அனுமதிச் சீட்டு தேவையா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்ததும் கால் ஏக்கரில் தொடங்குங்கள். ஆளும் நேரமும் பத்தாமல் போவதுதான் இந்த வேலையில் வழக்கமான தோல்வி. முழங்கால் உயரக் கன்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தில் முதலில் இனத்தைப் பாருங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் கருஞ்சீகை. அதன் பட்டையை ஒரு முழ உயரத்திலிருந்து தரைவரை சுற்றிலும் உரித்துவிட்டால் நின்றபடியே காய்ந்துவிடும். மெல்ல மெல்ல வெளிச்சம் இறங்குவதால் விதையும் ஒரேயடியாக முளைக்காது. பட்டையைக் கொஞ்சம் விட்டுவைத்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். பாதையோரத்திலும் வீட்டருகிலும் மட்டும் இதைச் செய்யாதீர்கள். காய்ந்த கிளை விழும். இலை சாம்பல்நீலமாக இருந்தால் அது வெள்ளிச்சீகை. அதை வெட்டினால் வேரிலிருந்து பத்து இடத்தில் தளிர் வரும். வருகிற தளிரையெல்லாம் தொடர்ந்து ஒடிக்க ஆள் இருந்தால் மட்டும் தொடுங்கள். வெட்டிய கிளைகளை எரிக்காமல், சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை முளைத்த கன்றுகளைப் பிடுங்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டு இதற்கு ஒதுக்க முடியாதென்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

புல்லுக்கு விதையை நம்ப வேண்டாம், முளைப்பு குறைவு. அருகில் உங்கள் நிலத்திலோ, கேட்டுப் பெறக்கூடிய பட்டா நிலத்திலோ உள்ள உள்நாட்டுப் புல் தூர்களைப் பிரித்து, மூன்று நான்கு தண்டு கொண்ட துண்டுகளாக ஒரு அடி இடைவெளியில் நடுங்கள். பத்து சென்ட்டுக்குச் சுமார் 4,350 துண்டு பிடிக்கும். ஏக்கருக்கு 43,500. எனவே முதல் ஆண்டு பத்து சென்ட் போதும். இரண்டாம் ஆண்டு அதிலிருந்தே துண்டு கிடைக்கும். கிக்குயூ என்ற அயல் புல்லைக் கொண்டுவந்துவிடாதீர்கள். சீக்கிரம் பச்சையாகும், ஆனால் வேறு எதையும் விடாது.

ஊற்றையொட்டிய மடிப்பில் சோலை நடலாம். இரண்டு மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 1,000 நாற்று. உங்களுக்குத் தேவைப்படுவது நூறு இருநூறுதான். விக்கி, காட்டு நாவல், செண்பகம் போன்றவற்றை மெலிதாக்கிய சீகை நிழலுக்கு அடியிலும், பனியும் தீயும் தாங்கும் காட்டுப் பூவரசை (ரோடோடென்ட்ரான்) புல்வெளி ஓரத்திலும் வையுங்கள். ஒன்றரை, இரண்டு அடி உயர நாற்று வாங்குங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் நட்டால் பனிக்கு முன் வேர் பிடிக்கும். நீங்களே நாற்று வளர்த்தால், சோலை விதை காய்ந்தால் செத்துவிடும் என்பதை மறக்காதீர்கள்: பழத்தசையைக் கழுவியதும் ஈரத்தோடு ஊன்ற வேண்டும்.

காட்டுமாடு பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இளம்புல் வந்தால் அவை இன்னும் கூடுதலாக வரும். அது அவற்றின் பழைய மேய்ச்சல் நிலம்தானே. முதல் பத்து சென்ட்டை வீட்டையும் பூண்டு வயலையும் விட்டுத் தள்ளி, மேல் கோடியில் போடுங்கள். அவை வழக்கமாக நடக்கும் தடத்தைக் குறுக்கே மறித்து வேலி கட்டினால் புதிய வழி உங்கள் வாசல் வழியாகத்தான் அமையும். வேலி பயிரை மட்டும் சுற்றட்டும். நாற்றுக்கு, காயில்லாத சீகைக் கிளைகளைச் சுற்றிலும் அடர்த்தியாகச் சாத்தி வைப்பதே மலிவான காப்பு.

ஊற்றுக்கண்ணைத் தோண்டவோ, அதற்கு மேலே சரிவில் குழி வெட்டவோ வேண்டாம். இன்றே 10 லிட்டர் வாளி ஒன்றை எடுத்து, வாரம் ஒருநாள், அதே நேரத்தில், நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதிவையுங்கள். 50 வினாடி என்றால் மணிக்கு 720 லிட்டர். வேலைக்கு முன்பு ஒரு முழு ஆண்டுக் கணக்கு இல்லாமல் பிறகு எதையும் ஒப்பிட முடியாது. பக்கத்தில் சீகையைத் தொடாத இன்னொரு ஊற்று இருந்தால் அதையும் அளந்து வையுங்கள். நல்ல மழையால் வந்த நீரா, உங்கள் வேலையால் வந்த நீரா என்பதை அதுதான் காட்டும்.

ஊற்றின் நீர்ப்பிடிப்பு உங்கள் எல்லைக்கு மேலே வன நிலத்துக்குள் போகிறதா என்றும் பாருங்கள். பழனி மலையின் பெரும் பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு குச்சியைக்கூட நீங்கள் வெட்ட முடியாது. கிராம வனக்குழு வழியாக வனச்சரகருக்குக் கோரிக்கை வைப்பதுதான் வழி. அருகில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு இருந்தால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் தங்கள் சமூக வனவளத்தைக் காக்கவும் மீட்கவும் உரிமை கோர அவர்களின் கிராம சபைக்கு வழி இருக்கிறது. உங்கள் வாளிக் கணக்கை அவர்களிடமும் கொடுங்கள். வனத்துறையிடம் பேசும்போது ஓராண்டு எழுதிய நோட்டுக்கு நல்ல மதிப்பு உண்டு.