ஸ்டார்ட்அப் நிறுவனம் பெரிதாக வளரும்போது, அதைத் தொடங்கியவர் எப்படி நிர்வகிக்கிறார்?

ஸ்டார்ட்அப் என்பது ஒரு புதிய யோசனையை நம்பிச் சிலர் தொடங்கி, வேகமாகப் பெரிதாக்க முயலும் நிறுவனம். தொடக்கத்தில் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் நிறுவனர், ஆட்கள் பெருகப் பெருக, முடிவெடுக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கப் பழகுகிறார்.

இதற்குக் காரணம் ஓர் எளிய கணக்கு. 10 பேர் ஒருவரோடு ஒருவர் பேச 45 இணைப்புகள் போதும். 100 பேர் என்றால் 4,950 தேவை. அத்தனை பேச்சும் ஒருவர் காதுக்கு வந்துசேர வழியே இல்லை.

1998-இல் தொடங்கிய கூகுள் நிறுவனத்தில், 2000-களின் தொடக்கத்தில் அதன் இரு நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் பொறியாளர்களுக்கு மேலாளர்களே வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஆனால் செலவுக் கணக்கு முதல் சக ஊழியர்களுக்கிடையே வந்த பூசல் வரை எல்லாம் நேரே அவரிடமே வந்து குவிந்ததால், சில மாதங்களிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. நல்ல மேலாளர் நிறுவனத்துக்கு எவ்வளவு இன்றியமையாதவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணச் சமையலில் தலைமைச் சமையற்காரர் ஒவ்வோர் அண்டாவையும் தாமே கிளறுவதில்லை. ஆட்களிடம் விட்டுவிட்டு, பந்திக்குப் போகும் முன் சாம்பாரை மட்டும் ருசி பார்க்கிறார். எதை விடுவது, எதைத் தம் கையில் வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுப்பதே நிறுவனருக்கும் கடினமான பகுதி.

பொறுப்பை ஒப்படைப்பது ஒதுங்கிக்கொள்வது என்று பலர் எண்ணுவது தவறு: 2001-இல் எரிக் ஷ்மிட் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியான பிறகும், நிறுவனர்கள் இருவரும் முக்கிய முடிவுகளில் தொடர்ந்து பங்கேற்றனர், 2011-இல் பேஜ் அதே பதவிக்குத் திரும்பினார்.