டிரெஸ்ஸாஜ் (குதிரைப் பயிற்சிக் கலை) கேள்வி-பதில்: கழுத்தைச் சுருட்டுவது நவீனமா?

கேள்வி: கிளாசிக்கல் முறை நல்லதா, நவீன முறை நல்லதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

அவசரப்படாத முறை.

கேள்வி: என் குதிரைக்கு 4 வயது. இந்த ஆண்டே பியாஃபே (நின்ற இடத்திலேயே துள்ளுநடை போடுவது) தொடங்கலாமா?

வேண்டாம். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடவே ஏறக்குறைய 6 வயதாகும். வியன்னா ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் ஒரு லிப்பிசானர் குதிரை முழுப் பயிற்சி முடிக்க ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். அப்புறம், குதிரையின் வாக் (நிதான நடை) எப்படி இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான்கு குளம்படித் தட்டும் சீராகக் கேட்கிறதா? அதை எழுதாமல் பியாஃபே பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி: தாடை மார்பைத் தொடும்படி கழுத்தைச் சுருட்டி ஓட்டுகிறார் எங்கள் பயிற்சியாளர். கேட்டால் "இது ரோல்கர் இல்லை, லோ-டீப்-ரவுண்ட், நவீன முறை" என்கிறார். சரியா?

சரியில்லை. ரோல்கர் என்பது கழுத்தைப் பலத்தால் சுருட்டுவது; லோ-டீப்-ரவுண்ட் என்பது தலையைத் தாழ்த்தி, கழுத்தை வளைத்து ஓட்டுவது. பெயரை மாற்றினால் குதிரையின் கழுத்துக்கு வலி குறையாது. பலத்தால் கழுத்தை வளைப்பதை, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. 2010-இலேயே ஏற்க முடியாதது என்று சொல்லிவிட்டது. ஆனால் பலமில்லாத லோ-டீப்-ரவுண்டை அனுமதித்து, ஒரே நிலையில் 10 நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்றது. கை எவ்வளவு இழுக்கிறது என்பதை வேலிக்கு வெளியே நிற்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எனக்குத் தீராத ஆதங்கம் இது. இத்தனைக்கும் எஃப்.இ.ஐ. விதிப்படியே காதுகளுக்கு நடுவிலுள்ள உச்சிதான் உயரமான இடமாக இருக்க வேண்டும். மூக்கு செங்குத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மூக்கு மார்பில் ஒட்டினால் குதிரைக்கு எதிரே வருவது தெரியாது, முதுகும் இறுகும்.

இன்னொன்று: இதை நவீனம் என்பதே தவறு. 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு, சேணத்திலிருந்து வரும் வாரால் தலையை இழுத்துக் கட்டியவர். பழையதெல்லாம் மென்மையும் இல்லை, புதியதெல்லாம் கொடுமையும் இல்லை.

நீங்களே சோதியுங்கள். ட்ராட்டில் (மிதமான ஓட்டத்தில்) ரெயினை (கடிவாள வாரை) மெல்ல நழுவ விடுங்கள். சரியாகப் பழகிய குதிரை பிட்டை (வாயிலுள்ள கடிவாள இரும்பை) தேடிக்கொண்டே கழுத்தை முன்னும் கீழும் நீட்டும், வேகம் மாறாது. தலையைத் தூக்கி எறிந்தாலோ, சுருண்டபடியே இருந்தாலோ, இதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தது உங்கள் கைதான். பிறகு வாக் நடைக்கு வாருங்கள். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகின்றனவா? அப்படியானால் நான்கு தட்டு குலைந்துவிட்டது; அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: ஷோல்டர்-இன்னில் (குதிரையின் தோளை உள்பக்கம் கொண்டுவந்து நடத்தும் பயிற்சியில்) கழுத்து மட்டுமே திரும்புகிறது, தோள் வருவதில்லை.

உள் ரெயினை இழுக்கிறீர்கள். வெளி ரெயினால் தோளைக் கொண்டுவாருங்கள், உள் காலால் முன்னே அனுப்புங்கள். பிரெஞ்சு குதிரையேற்ற ஆசான் கெரினியேர் 1733-இல் இதைப் பற்றி எழுதியதும் குதிரையை இளக்கத்தான், கழுத்தை முறுக்க அல்ல.

கேள்வி: நோஸ்பேண்டை (மூக்கைச் சுற்றும் வாரை) எவ்வளவு இறுக்கலாம்?

இரண்டு விரல் நுழைய வேண்டும். கன்னத்தின் பக்கம் அல்ல, மூக்கெலும்பின் மேல். கன்னத்தின் பக்கம் எப்போதும் இடம் இருப்பதால்தான் பலர் பக்கவாட்டில் அளந்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். வாயைத் திறக்கும் குதிரை ஏதோ சொல்கிறது; வாரை இறுக்குவது அதற்குப் பதிலில்லை.

கேள்வி: படம் அனுப்பியுள்ளேன். பயிற்சி சரியா?

ஒரு படம் ஒரு நொடிதான். வாக், ட்ராட், கேன்டர் (தாவல் ஓட்டம்) மூன்றையும் தளர்ந்த ரெயினில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். வாக் கட்டாயம்.