கீழே நிற்பவரைக் கேட்டீர்களா?

கேள்வி: ராக் கச்சேரிகளில் ரசிகரைத் தலைக்கு மேல் படுக்கவைத்துக் கைமாற்றிக் கைமாற்றி மேடைவரை அனுப்புகிறார்களே, அந்த 'கிரவுட் சர்ஃபிங்'குக்குப் பல விழாக்களில் தடையாம். இஷ்டப்பட்டு ஏறுகிறவனைத் தடுக்க இவர்கள் யார்?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஏறுகிறவன் இஷ்டப்பட்டுத்தான் ஏறுகிறான். கீழே நிற்கிறவர்களை யார் கேட்டது? அவர்கள் முகம் மேடைப் பக்கம். முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் பூட்ஸ் காலோடு மிதந்து வருவது, குதிகால் பிடரியில் இடித்த பிறகுதான் தெரியும். நடுவில் நாலு பேர் கை கொடுக்கத் தவறினால் அவன் தலைகுப்புறத் தரையில். ஏறுகிறவள் பெண் என்றால், கண்ட இடத்தில் கைவைக்கிறார்கள் என்று பெண் ரசிகர்கள் எத்தனையோ வருடங்களாகப் புகார் சொல்கிறார்கள்.

1970-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராக் பாடகர் இக்கி பாப், ரசிகர்களின் கைகள்மேல் ஏறி நின்றதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அழகான காட்சிதான். இருநூறு பேர் கூடும் சின்ன கிளப்பில் இன்றைக்கும் நான் ஆட்சேபிக்க மாட்டேன். பல்லாயிரம் பேர் முண்டும் மைதானம் அப்படியல்ல.

2000 ஜூன் 30, டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழா. பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தது. மழையில் தரை சேறு. கூட்டம் முன்னால் நெருக்க, மேடையருகே சிலர் விழுந்தார்கள், அவர்கள்மேல் மற்றவர்கள். பாடகர் எடி வெடர் பாட்டை நிறுத்தி, பின்னால் நகரச் சொல்லிக் கெஞ்சினார். 9 இளைஞர்கள் செத்துப்போனார்கள். இப்படிப்பட்ட நெரிசலில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மூச்சுமுட்டல். நெஞ்சு விரிய இடம் இருக்காது. கத்தவும் முடியாது.

அந்தச் சாவுகளை சர்ஃபிங்கின் தலையில் மட்டும் கட்டவில்லை. ஆனால் மேடைத் தடுப்பை ஒட்டி நிற்கும் காவலர்களை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் முகம் வெளுத்து, கண் செருகுகிறவரைக் கண்டுபிடித்து வெளியே தூக்குவது அவர்கள் வேலை. மேலிருந்து ஆள்மேல் ஆளாக வந்து விழுந்தால் அவர்கள் கண்ணும் கையும் மேலேயே இருக்கும். கீழே சரிகிறவரை யார் பார்ப்பது?

ரோஸ்கில்டேக்காரர்கள் பிறகு சர்ஃபிங்கைத் தடை செய்ததோடு நிற்கவில்லை. மேடை முன்பகுதியைத் தடுப்பு கட்டிப் பிரித்து, உள்ளே இத்தனை பேர்தான் என்று அளவும் வைத்தார்கள். அதைச் செய்யாமல், 'சர்ஃபிங் கூடாது' என்று போர்டு மட்டும் மாட்டிவிட்டு இடத்துக்கு மீறி டிக்கெட் விற்கிற அமைப்பாளரிடம் உங்கள் 'இவர்கள் யார்?' கேள்வியைக் கேளுங்கள்; நானும் சேர்ந்து கேட்கிறேன்.