சவேரியாருக்குத் தமிழ் தெரியுமா?

அன்புள்ள ஐயா,

பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் கிறிஸ்தவம் பரப்பிய புனித பிரான்சிஸ் சவேரியாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். முறையாகப் படிக்கலாம் என்று புனிதர் வரலாறுகளைக் கையில் எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் புதுமைகள்தான், அதாவது அற்புதங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மொழியிலேயே பேசினார் என்கிறார்கள். எதை நம்புவது? எங்கிருந்து தொடங்குவது?

தூத்துக்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புனிதரே எழுதியது ஏதாவது மிஞ்சியிருந்தால் முதலில் அதைப் படித்துவிடுங்கள். சவேரியார் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம், நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன.

பன்மொழி வரத்தையே எடுத்துக்கொள்வோம். 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதையொட்டி வந்த திருத்தந்தையின் ஆணையிலேயே இந்த வரம் ஏறிவிட்டது. சவேரியாரோ 1544 ஜனவரியில் தமிழ்க் கடற்கரை மக்களைப் பற்றிக் கொச்சியிலிருந்து எழுதும்போது, இவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது இவர்களுக்கும் புரியவில்லை, என் தாய்மொழி பாஸ்க் என்கிறார். அதனால் இரண்டு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, செபம் சொல்லிச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது. வரம் பெற்ற சவேரியாரைவிட இந்த மனிதர்மேல்தான் எனக்கு மதிப்பு.

அந்த ஆண்டு ஜூனில் வடுகர் (தெலுங்கர்) படை குமரிமுனைப் பக்கத்துப் பரதவர் ஊர்களைச் சூறையாடியது. தப்பியவர்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொண்டு பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார் சவேரியார். கடும் எதிர்க்காற்று. துடுப்பு வலித்தும் கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முனையை எட்டவில்லை. திரும்பிவிட்டார். காற்று தணிந்ததும் மறுபடி போவேன் என்று உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதினார். காற்றை அதட்டி அடக்கியதாக அதில் ஒரு வரி கிடையாது.

சங்கடமான பக்கங்களும் உண்டு. மதம் மாறிய வீட்டுப் பிள்ளைகள் சிலைகளை உடைத்து மிதிப்பதை மகிழ்ச்சியோடு எழுதுகிறார். சாராயம் குடித்துப் பிடிபடும் பெண்களுக்கு அபராதம், மூன்று நாள் சிறை என்று உத்தரவு போடுகிறார். (ஆண்கள் குடித்தால் என்னவாம்?) பக்தி நூல்கள் இந்த இடங்களைத் தாண்டிக் குதித்துவிடும். நீங்கள் நின்று படியுங்கள்.

இப்படிச் சலித்துப் பார்ப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் பொலாந்தியர்களைக் காட்டுங்கள். அவர்களும் சவேரியாரின் இயேசு சபைக்காரர்கள்தான். பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் புனிதர் வரலாறுகளைத் திருத்தமாகப் பதிப்பிக்கத் தொடங்கி, முதல் தொகுதிகளை 1643இல் கொண்டுவந்தார்கள். அந்தப் பணி இன்னும் நடக்கிறது. அதற்காகப் புதுமைக் கதைகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு புனிதரிடம் ஜனங்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. கடிதங்களுக்குப் பிறகு படியுங்கள், அவ்வளவுதான்.

கடிதங்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. மான்சிலாஸுக்கு 1544இல் எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். தேதிக்குப் பக்கத்தில் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை என்று உங்கள் பக்கத்து ஊர்களாகவே வரும்.